எலாஸ்டிக்கும் விளக்கெண்ணெயும்

ஏர்போர்ஸ்கார மாமா வீட்டு அட்டாலியில் கருநீலப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அதைக் கீழே இறக்குவார். அந்த ஒரு நாளுக்காகவே மற்ற ஆறு நாளையும் பள்ளிக்கூடத்தில் கழித்தேன்.

மாமா எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். விமானப்படையில் ஏர்பிரேம் பிட்டர். கல்கத்தாப் பக்கம் பாரக்பூரில் பல வருஷம் இருந்துவிட்டுக் கடைசியில் சூலூருக்கு மாற்றலாகி, அங்கேயே ஓய்வு பெற்று, அவங்க அப்பாரு விட்டுப்போன தோட்டத்துச் சாளைக்கு வந்து சேர்ந்தார். சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடைப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் நிப்ட்-டீ கல்லூரியும் இருக்கிற ஊர் என்றுதான் இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் முதலிபாளையத்தைத் தெரியும். நான் சொல்வது 1980-களின் தொடக்கம். எங்கள் வீட்டைச் சுற்றிச் சோளமும் பருத்தியும்தான். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் விடியக்காலம் சைக்கிள் மிதித்துத் திருப்பூர் போவார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, டைனமோ விளக்கு மினுங்க, ராத்திரி திரும்புவார்கள். எங்கள் அய்யனும் அவர்களில் ஒருவர்.

ஆகாயம் மட்டும் எங்களுக்குப் புதுசில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை சூலூரிலே விமானதளம் வைத்திருந்தது. பீளமேட்டில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை. அந்தக் காலத்து விமானங்களைப் பார்த்து மாடு மிரண்டு ஓடிய கதையை எங்கள் ஆத்தா சொல்வாள். நாங்கள் வளர்ந்தபோதும் மேற்கே சத்தம் கேட்டால் களத்துமேட்டுக்கு ஓடுவோம். ஆனால் அந்த விமானம் எதனால் மேலே நிற்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு மாமா ஒருவர்தான் இருந்தார். அவர் வாயால் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பழுப்பு வெள்ளையில் பலகைகள் அடுக்கியிருந்தன. மூணு அங்குல அகலம், ஒரு கஜ நீளம், தீக்குச்சி கனத்தில் சில, அதிலும் பாதிக் கனத்தில் சில. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணுக்கு மரம், கைக்கு ஒன்றுமே இல்லை. கனத்துக்குத் தயாராக இருந்த கை தானாக மேலே போய்விட்டது.

"இதுதான் மாப்பிள்ளே பால்சா. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். பழைய புத்தக வாசம், அதில் கொஞ்சம் இனிப்பு.

ஈக்வடார் நாட்டு மழைக்காட்டு மரம் அது. ஐந்தாறு வருஷத்திலேயே வெட்டுக்கு வந்துவிடும். தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ வாக்கில் எடை என்றால், பால்சா பெரும்பாலும் 100-லிருந்து 200 கிலோவுக்குள் நிற்கும். பொறுக்கி எடுத்தால் 100-க்கும் கீழே கிடைக்கும். 1947-ல் தோர் ஹெயர்டால் பசிபிக் கடலைக் கடந்த கோன்-டிக்கி கட்டுமரம் இந்த மரத்தில் கட்டியது. போர்க்காலத்து மாஸ்கிட்டோ விமானத்தின் உடம்பு, இரண்டு பிளைவுட் தோலுக்கு நடுவில் பால்சா வைத்து ஒட்டியது. இதெல்லாம் மாமா சொல்லித் தெரிந்தது. அவருக்கும் தெரியாத ஒன்றை நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். தாவர சாஸ்திரக்காரர்கள் இன்றைக்குப் பால்சாவையும் பருத்தியையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். நம்ம ஊர் இலவமரமும் அதே குடும்பம். பால்சாக் காய் வெடித்தால் உள்ளே பஞ்சுதான் இருக்குமாம். படித்த அன்றைக்கு இதை மாமாவிடம் சொல்ல முடியவில்லையே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது.

பெட்டியில் இருந்த பலகைகளைத் தொட எனக்கு லேசில் அனுமதி கிடைக்கவில்லை. கல்கத்தாவில் இந்தியாஸ் ஹாபி சென்டர் என்ற கடையில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்தவை அவை. "முதல்ல சோளத்தட்டுல செஞ்சு காட்டு" என்றுவிட்டார். சோளத்தட்டின் தோலை உரித்தால் உள்ளே வெள்ளை நெட்டி. அதற்குக் கனமே கிடையாது. உரித்த தோலைக் கீறினால் கூரான ஊசி. நெட்டியை நெட்டியோடு சேர்க்க அந்த ஊசியே ஆணி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதில் வண்டி செய்வோம். மாமா அதே சோளத்தட்டில் எனக்கு இறக்கை செய்யச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பக்கமும் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிரும். இறக்கையின் அகலத்தில் முன்னாலிருந்து மூணில் ஒரு பங்கில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகக் கீழே இறங்கி நிற்க வேண்டும். பின்பாரம் என்றால் மூக்கில் களிமண். இவ்வளவுதான் பாடம். களத்தில் கட்டுக்கட்டாகத் தட்டு கிடந்ததால் எத்தனை உடைந்தாலும் கவலை இல்லை. மாட்டுக்குப் போக மிச்சம் எனக்கு.

1984 ஏப்ரல் மாசம் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போன சேதி ரேடியோவில் வந்தது. விமானப்படைக்காரர் என்பதால் மாமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தக் கோடை லீவில்தான் பெட்டியிலிருந்து பலகை வெளியே வந்தது.

பிளான் தாளைப் பலகையில் விரித்து, மேலே கண்ணாடிக் காகிதம் போட்டு, அதன்மேல் குச்சிகளை வைத்துக் குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டுவோம். ரிப் எனப்படும் இறக்கை எலும்புகள் எல்லாம் ஒரே அச்சாக வர வேண்டும். தகரத்தில் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பிளேடை ஓட்டுவார் மாமா. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். எலும்புக்கூடு முடிந்ததும் அதன்மேல் ஜப்பான் டிஷ்யூ. ஒட்டும்போது தொளதொளவென்று கிடக்கும். தண்ணீரைப் பூவாளியாய்த் தெளித்துக் காயவிட்டால் விறைத்துக்கொள்ளும். பிறகு டோப் என்ற வார்னிஷ் பூச வேண்டும். வாழைப்பழ வாசனை சாளை முழுக்க வீசும். அத்தை கதவைத் திறந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவாள்.

விசிறியைச் சுற்றுவது முறுக்கிய ரப்பர். அந்த மோட்டாருக்கு நாங்கள் கல்கத்தா போக வேண்டியிருக்கவில்லை. திருப்பூரில் ஜட்டிக்கு நாடா நெய்கிற எலாஸ்டிக் கம்பெனிகள் இருந்தன. அங்கே வெட்டிப் போட்ட துண்டுகளை அய்யன் சம்பளநாளில் ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார். நூலை அறுத்துவிட்டு உள்ளே ஓடும் ரப்பர் இழையை உருவி எடுப்போம். ஒரு இழைக்குப் பலம் பத்தாது. நீளம் பார்த்துப் பொறுக்கி முடிந்து, பல இழை சேர்த்துக் கத்தையாக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, விளக்கெண்ணெய் தடவி ஊறப்போடுவோம். எண்ணெய் இல்லாமல் முறுக்கினால் இழையோடு இழை உரசி அறுந்துவிடும். முன்விசிறியைக் கல்யாண முருங்கைக் கட்டையில் மாமா செதுக்கினார். அச்சுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி. விசிறியும் மூக்கும் உரசாமல் சுற்ற நடுவில் ஒரு பாசிமணி. அது அக்காவின் மாலையிலிருந்து வந்தது.

1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரத்துத் துயிலரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் இதேபோல் ரப்பர் முறுக்கிய ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடி பறந்தது. வாலில் கிடக்கும் சின்ன இறக்கையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் விமானம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும் என்று அன்றைக்கு நிரூபித்தார். அவர் வடிவமைத்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத்தான் 1878-ல் ரைட் சகோதரர்களுக்கு அவங்க அப்பா வாங்கிக்கொடுத்தார். ரப்பர் மோட்டாரைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: மனிதன் ஆகாயத்துக்கு ஏறிய படிகளில் அதுவும் ஒன்று. 1928 முதல் வேக்பீல்டு கோப்பை என்று உலக அளவில் அதற்குப் போட்டி நடக்கிறது. 30 கிராம் ரப்பருக்குமேல் போடக்கூடாது என்பது இன்றைய விதி.

எங்கள் விமானம் அடுத்த மாசி மாசத்தில் பறந்தது. சோளம் அறுத்த காடு, பொழுது கிளம்பும் நேரம், காற்றே இல்லை. மாமா விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நான் கைடிரில்லில் கொக்கி மாட்டி ரப்பரை நாலைந்து மடங்கு இழுத்துக்கொண்டு பின்னால் போய், முறுக்கிக்கொண்டே முன்னால் வந்தேன். அப்படி இழுத்து முறுக்கினால்தான் முறுக்கு அதிகம் ஏறும். "வீசாத. வுடு, அதா போகும்" என்றார். விட்டேன். வலப்பக்கமாக வட்டம் போட்டு ஏறியது. பனைமரத்துக்குமேல் போனதும் ரப்பர் தீர்ந்து விசிறி நின்றது. பிறகு அது இறங்கிய விதத்தைத்தான் நான் மறக்கவில்லை. வெயில் டிஷ்யூவுக்குள் புகுந்து ரிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எந்த ரிப்பை எந்த நாளில் ஒட்டினோம் என்று கீழிருந்தே சொல்லியிருப்பேன்.

அந்த விமானம் பங்குனியில் தொலைந்தது. கொஞ்சம் வெயில் ஏறின பிறகு விட்டோம். உழுதுபோட்ட காட்டுக்குமேல் சூட்டுக்காற்று எழும்பி இரண்டு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. விமானமும் போய் அதில் மாட்டிக்கொண்டு, இறங்காமல், வட்டம் போட்டுக்கொண்டே நொய்யல் பக்கம் போய்ப் புள்ளியாகி மறைந்தது. எனக்கு அழுகை. மாமா முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "நல்லாப் பறக்கறதுதான் மாப்பிள்ளே தொலையும்" என்றார். அடுத்ததற்குத் திரி வைக்கக் கற்றுக்கொடுத்தார். வெடியுப்புக் கரைசலில் பருத்தி நூலை ஊறவைத்துக் காயப்போட்டால் மெதுவாகக் கனிந்து எரியும். வாலைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்துக்குள் அந்தத் திரியைச் செருகிவிட்டால், குறித்த நேரத்தில் வளையம் அறுந்து வால் மேலே எகிறிக்கொள்ளும். விமானம் பறக்க மறுத்துப் பொத்தென்று இறங்கிவிடும். நூல் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. அய்யன் கொண்டுவரும் கோன் மிச்சம்.

வைகாசி பாதியில் பெட்டி மறுபடி அட்டாலிக்குப் போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கிட்ட 30 கிலோமீட்டர் வாக்கில் ஒரு வாய் திறந்திருக்கிறது. அதன் வழியாக வருகிற மேக்காத்து ஆவணி வரைக்கும் ஓயாது. ஆடியில் ஓட்டைப் பிய்க்கும். சின்ன விமானம் அதில் நிற்காது.

பத்தாவதோடு நான் கம்பெனிக்குப் போய்விட்டேன். கைமடி, பிறகு துணியை அடுக்கி விரித்து லே போடுகிறவன், பிறகு கட்டிங் மாஸ்டர். மாமா காலமானார். அத்தை, மகன் வீட்டுக்குப் போனாள். பெட்டி என்னவானது என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஷிப்மென்ட், கல்யாணம், பிள்ளைகள், 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த மாசங்கள், மறுபடி ஷிப்மென்ட்.

அந்த ஆசை திரும்ப வந்தது தாராபுரம் ரோட்டில். அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள். என் விமானத்தைப் பறக்கவிடாத அதே மேக்காத்தை நம்பி மில்லுக்காரர்கள் நட்டவை. ஒரு பழைய இரும்புக்கடை வாசலில், கழற்றிக் கொண்டுவந்த பழைய காற்றாலை இறக்கை ஒன்றைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கையில் அறுத்த வாயைப் பார்த்தேன். வெளியே கண்ணாடி நார்த் தோல், உள்ளேயும் அதே தோல், நடுவில் மரம். பழுப்பு வெள்ளை. நகத்தால் கிள்ளினேன், பள்ளம் விழுந்தது. மோந்து பார்த்தேன்.

கடைக்காரர், "அது எதுக்குங்ணா, அடுப்பெரிக்கக்கூட ஆகாது" என்றார். ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது விமானத்துக்கு ஆகாது. காற்றாலை இறக்கையில் பால்சாவைக் குறுக்கே அறுத்து, நார் தோலுக்கு நேர்குத்தாக நிற்கும்படி வைப்பார்கள். அழுத்தம் தாங்கும், நீளக் குச்சி கிடைக்காது. ஆனால் அன்று ராத்திரி அதை மேசையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தேன். நல்ல பலகைக்குச் சொல்லிவிட்டேன். அது 2020-ஐ ஒட்டிய சமயம். உலகம் முழுக்கக் காற்றாலை கட்ட வாங்கி வாங்கிப் பால்சாவுக்குப் பஞ்சம் வந்து, ஈக்வடாரில் ஆற்றங்கரைக் காடுகளைத் திருட்டுத்தனமாகவும் வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. விலை கூடியிருந்தது. கொடுத்தேன். அந்தச் செய்தியைப் படித்த பிறகு ஒரு விரல்கடைத் துண்டைக்கூட நான் வீணாக்குவதில்லை.

கீல்கிராப்ட் என்ற இங்கிலாந்து கம்பெனியின் செனட்டர் என்ற பழைய ரப்பர் விமானத்துப் பிளானை எடுத்தேன். 32 அங்குல இறக்கை. உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த வயசில் மாமா கையைப் பார்த்து நான் செய்தவற்றுக்கெல்லாம் காரணத்தை இத்தனை வருஷக் கட்டிங் டேபிள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. பால்சாப் பலகையை மரத்திலிருந்து எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். ஒரு வகை சுலபமாக வளையும். உடம்புக்கு மூட அது. இன்னொரு வகையில் மேலெல்லாம் மினுமினுவென்று புள்ளி இருக்கும், வளைக்கப் போனால் ஒடியும்; ரிப்புக்கு அதுதான் வேண்டும். துணியில் கிரெயின் பார்க்கிற அதே கண்தான் இதற்கும். சிறுவயசில் எங்கள் இறக்கை ஒன்று தண்ணீர் தெளித்துக் காய்ந்ததும் திருகிக்கொண்டது. ஏனென்று இப்போது தெரியும். சிங்கிள் ஜெர்சி பனியன் துவைத்தால் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டு வருமே, அது நூலின் முறுக்கு. டிஷ்யூவுக்கும் நார்த்திசை உண்டு. இறக்கையின் நீளவாட்டில் அதை ஓடவிட்டு, காயும்வரை பலகையில் ஊசி குத்தி வைத்தால் திருகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இது முக்கியம். திருப்பூரில் ஒரு டி-சர்ட் நிட்டிங்கில் பிறந்து, சாயத்துக்குப் போய், காம்பேக்டிங் முடிந்து, என் மேசைக்கு வந்து, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று போகும். தோள் மூட்டுகிறவர் வாழ்நாள் முழுக்கத் தோள்தான் மூட்டுவார். நானும் லட்சக்கணக்கில் வெட்டியிருப்பேன்; முழுசாக ஒரு சட்டையைச் செய்து முடித்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. இப்படிப் பிரித்துச் செய்வதால்தான் இந்த ஊருக்குச் சோறு. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அந்த மேசையில், மரம் பொறுக்குவதிலிருந்து ரப்பருக்கு எண்ணெய் தடவுவது வரைக்கும் எல்லாம் இந்த இரண்டு கைதான். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் எந்த டேபிளில் தப்பு என்று தேட வேண்டியதில்லை. இந்த நிறைவு எனக்குப் பன்னிரண்டு வயசில் கிடைத்திருந்தது. இடையில் அதை எங்கேயும் பார்க்கவில்லை.

முதலிபாளையத்தில் பறக்கவிட இடம் குறைந்துவிட்டது. கம்பெனி, சைட்டு, கரண்டுக் கம்பி. ஞாயிறு விடியலில் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளுக்குப் போகிறேன். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. முழங்கால் உயரக் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். புது விமானத்தை முதலில் கையால் தள்ளிச் சோதிக்க அந்தப் புல்லைவிட நல்ல மெத்தை கிடையாது. வெள்வேலந்தான் எமன், முள்ளில் மாட்டினால் டிஷ்யூ தோரணமாகிவிடும். காங்கேயம் மாடுகள் ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயும். திரி இப்போது வைப்பதில்லை. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் ஊரான் காடு போய்விடும். சின்ன டைமர் போட்டிருக்கிறேன்.

என்னோடு லே போடுகிற ஒடிசாப் பையன் ஒருவன் கூட வருகிறான். விமானத்தின் பின்னால் ஓடுவதற்கு அவன் கால் வேண்டியிருக்கிறது. எந்த முள்ளில் விழுந்தாலும் டிஷ்யூ கிழியாமல் எடுத்துவருவான். போன மாசம், "மாஸ்டர், இதுல ஒண்ணு எனக்கு. தம்பிக்குக் கொண்டுபோகணும்" என்றான். ஊருக்குத் தன்பாத் எக்ஸ்பிரஸில் போகிறவன். ரூர்கேலாவில் இறங்கி அங்கிருந்து பஸ். அன்ரிசர்வ்டு கூட்டத்தில் 32 அங்குல இறக்கையை முழுசாகக் கொண்டுபோக முடியாது. அதனால் இறக்கையை நடுவில் பிரித்து, மூங்கில் நாக்கு வைத்துச் செருகுகிற மாதிரி மாற்றி வரைந்திருக்கிறேன். உடம்பும் இரண்டு துண்டு. எல்லாம் ஒரு எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் அடங்குகிறது, அளந்து பார்த்துவிட்டேன். ரிப்பை அவனே வெட்டட்டும் என்று பிளேடைக் கொடுத்திருக்கிறேன். எலாஸ்டிக் துண்டும் அவனே பொறுக்கி வந்துவிட்டான். தைக்கு முன்னால் மூடி முடித்தால் மாசியில் ஒருதரம் இங்கே பறக்கவிட்டுப் பார்த்து அனுப்பலாம்.